நாற்பதாவது கழுதை

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையில் இன்றும் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். கடை முதலாளி முதல் வேன் ஓட்டுபவர் வரை எல்லாருக்கும் அவர் இஞ்சு. டிவி விற்கிற கடையில், விற்ற டிவியை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சுவரில் மாட்டிக் கொடுக்கிற வேலை. பத்தொன்பது வருடமாக அதே வேலை. வாயைத் திறந்தால் மூன்றாவது வாக்கியத்துக்குள் ஒரு இஞ்சு வந்துவிடும். மாமனார் வீட்டுக்கு முதன்முதலாகப் போன கதையைக்கூட அந்த வீட்டுக் கூடம் எத்தனை அடி என்றுதான் ஆரம்பிப்பார்.

வேலையில் ஆள் கெட்டி. மற்றவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் டிரில்லைத் தேடுவார்கள். இஞ்சு முதலில் சோபாவைத் தேடுவார். "இந்த வீட்டுல டிவி பாக்கறது யார் யாரு? அவங்கவங்க வழக்கமா உக்கார்ற இடத்துல உக்காருங்க" என்பார். தரையில் உட்காருகிறவர் தரையில் உட்கார வேண்டும். படுத்துக்கொண்டு பார்க்கிறவர் படுத்துக் காட்ட வேண்டும். ஒவ்வொருவர் கண்ணிலிருந்தும் சுவர் வரைக்கும் அளவு நாடாவை இழுத்துப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் சுவரில் பென்சில் வைப்பார். வீட்டுக்காரர்களுக்கு முதலில் சிரிப்பு வரும், கொஞ்சம் வெட்கமும் வரும். ஆனால் இஞ்சு மாட்டிய டிவியைக் கழற்றி வேறிடத்தில் மாட்டுங்கள் என்று இதுவரை ஒருத்தரும் கடைக்குப் போன் செய்ததில்லை.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் அவர் யாரையும் உட்காரவைத்து அளக்கவில்லை. அது அவருடைய வீடு. அங்கே தன் கண்ணிலிருந்து நாடாவை இழுத்தார், அதுவே தனக்கும் மனைவிக்கும் போதும் என்று நினைத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள் வீட்டில் கோட்டைவிடுவது புதிய சங்கதி அல்ல. இவர் கோட்டைவிட்டது கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

அவருக்கும் அவர் மனைவிக்கும் பொதுவாக ஒரு படம் இருந்தது. 'ஏழாம் கணவாய்' என்று பெயர். இரண்டு பேரும் பிறப்பதற்கு முன்னால் வந்த சாகசப் படம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரில் கொள்ளைநோய். இந்தப் பக்கத்திலிருந்து நாற்பது கோவேறு கழுதைகளின் முதுகில் மருந்தை ஏற்றிக்கொண்டு ஒரு கூட்டம் பனிமலையைத் தாண்டிப் போகிறது. கல்யாணமான புதிதில், ஒற்றை அறை வாடகை வீட்டில், பழைய கடையில் வாங்கிய பதினான்கு இஞ்சு டிவியில் அதை முதலில் பார்த்தார்கள். தரையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து பார்த்தார்கள். அதற்கப்புறம் வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்க்காமல் விட்டதில்லை. வசனமெல்லாம் மனப்பாடம். கூட்டத்தின் தலைவன் பேச வாயெடுக்கும்போதே இவள் பேசிவிடுவாள்.

அந்தப் படத்தால் வீட்டில் ஒரு சண்டையும் உண்டு. ஒரு காட்சி. திரை முழுக்க வெள்ளை மலை. அடியில், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கழுதைகள் வரிசையாகப் போகும். ஒன்றரை நிமிடம் வெறும் காற்றுச் சத்தம்தான். அந்த வரிசையில் எத்தனை கழுதைகள் என்பதுதான் சண்டை. நாற்பது என்பார் இவர். படம் எடுக்க நாற்பதை வாடகைக்குப் பிடித்தவன் ஒன்றை மட்டும் கட்டிப்போட்டுவிட்டா வருவான் என்பது இவர் கட்சி. முப்பத்தொன்பது என்பாள் அவள். அதற்கு முந்தின காட்சியில்தானே ஒரு கழுதை பள்ளத்தில் விழுந்தது, கதை எழுதினவன் அதை மறந்துவிடுவானா என்பது அவள் கட்சி. எண்ணிப் பார்க்கவும் வழியில்லை. அவர்களிடம் இருந்த பிரதியில் கழுதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெறும் கரிக்கோடாகத்தான் தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் இரண்டு பேரும் ஒரு கழுதைகூட விட்டுக்கொடுக்கவில்லை. வேறு எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கிறவள்தான். இதில் மட்டும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"இதெல்லாம் பெரிய திரையில பாக்க வேண்டிய படம். வீட்டுல பாக்கறது, ஆத்தை டம்ளர்ல மொண்டு வச்சுக்கிட்டுப் பாக்கற மாதிரி" என்று ஒவ்வொரு தடவையும் இஞ்சு சொல்வார். வீட்டு டிவியால் பிழைப்பவர் வாயிலிருந்து இது வருவது வேடிக்கைதான். ஆனால் மனிதர் மனதாரச் சொன்னார்.

மூன்று வருடம் முன்பு அவள் கதவு நிலையில் முட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை அவளுக்கு. ஊசியில் நூல் கோர்ப்பாள். மருந்துச் சீட்டில் இருக்கிற பொடி எழுத்தைப் படிப்பாள். ஆனால் எதிரில் இருக்கிற நாற்காலியில் இடித்துக்கொள்வாள். கண் மருத்துவர் ஒரு மணி நேரம் சோதித்துவிட்டு, இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"பார்வை ஓரத்துலேருந்து உள்பக்கமாச் சுருங்கிக்கிட்டே வருது. நடுவுல நல்லாத் தெரியும். இருட்டுல சுத்தமாத் தெரியாது. இதை நிறுத்த மருந்து இல்லை."

"எவ்வளவு நாள் ஆகும் டாக்டர்?" என்று கேட்டது அவள்தான்.

"மூணு வருஷம், நாலு வருஷம். சில பேருக்கு இன்னும் கொஞ்சம் கூட."

இஞ்சு அன்றைக்கு இரவெல்லாம் அழுதார். மறுநாள் காலையில் எழுந்து வேலையில் இறங்கினார். துக்கம் வந்தால் கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத ஜாதி மனிதர் அவர். மேஜை முனைகளிலெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டினார். குளியலறைப் படியைத் தட்டிச் சரிவாக்கினார். வீட்டு விளக்குகளையெல்லாம் கழற்றிவிட்டு அதைவிடப் பிரகாசமான விளக்குகளை மாட்டினார். அதோடு நில்லாமல், முப்பத்திரண்டு இஞ்சு டிவியைக் கழற்றிவிட்டு நாற்பத்து மூன்று மாட்டினார். அடுத்த வருடம் ஐம்பத்தைந்து. அதற்கடுத்து எழுபத்தைந்து. கூடத்துச் சுவரில் சுவரே இல்லாமல் போய்விட்டது. சோபாவை முன்னால் இழுத்து, இழுத்து, டிவிக்கு ஐந்தடியில் கொண்டுவந்து போட்டார். பார்வை குறைகிறதென்றால் படத்தைப் பெரிதாக்க வேண்டும், கிட்டே உட்கார வேண்டும். அவருடைய தொழிலில் எந்தக் குறைக்கும் பதில் அதுதான்.

"எப்படி இருக்கு?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார், டிரில் தூசியோடு.

"நல்லா இருக்கு" என்பாள்.

நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள், அதுதான் அவரைக் குடைந்தது. ஐம்பத்தைந்து வந்தபோது சோபாவில் பக்கத்தில் உட்காருவதை விட்டாள்; சாப்பாட்டு மேஜையிலிருந்து பார்த்தாள். எழுபத்தைந்து வந்தபோது சமையலறை வாசலுக்குப் போய்விட்டாள். அங்கே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கீரையோ வெங்காயமோ ஏதோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டிருப்பாள். "இங்க வாயேன்" என்றால், "அடுப்புல வச்சிருக்கேன்" என்பாள். எட்டிப் பார்த்தால் அடுப்பில் ஒன்றும் இருக்காது. சாப்பிடும்போதும் எதிர்க்கோடியில் போய் உட்கார்ந்தாள். பேசும்போது இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று பேசினாள். இருபத்திரண்டு வருடமாகத் தோளில் சாய்ந்தவள், இப்போது அறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசினாள்.

நோய் வந்தவள், அவளிடம் என்னவென்று கேட்பது? மனதுக்குள் வைத்துப் புழுங்கினார்.

ஒருநாள் டிரில் முனையை மறந்து வைத்துவிட்டு, மத்தியானம் வீட்டுக்குத் திரும்பி வந்தார். பால்கனியில் பேச்சுச் சத்தம். அவள் தம்பி வந்திருந்தான். மச்சினன் எல்லாப் படத்தையும் கைப்பேசியிலேயே பார்க்கிறவன். அதற்காகவே இஞ்சுவிடம் பல தடவை வாங்கிக் கட்டிக்கொண்டவன். கைப்பேசியைப் பால்கனி விளிம்பில் சாய்த்து வைத்து இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றுச் சத்தம் கேட்டது. கழுதை மணிச் சத்தம் கேட்டது. ஏழாம் கணவாய். தலைவன் பேசுவதற்கு முன்னால் அவள் பேசினாள், தம்பி சிரித்தான், அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. டிரில் முனையை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

அதை அவரால் செரிக்க முடியவில்லை. எழுபத்தைந்து இஞ்சில் என்னோடு பார்க்க மனமில்லை. தீப்பெட்டியில் தம்பியோடு பார்க்க மனமிருக்கிறது. அப்படியானால் அவளுக்கு வேண்டாததாகிவிட்டது படமல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள்தான். அன்று முழுக்க ஏணியில் நின்றுகொண்டு இதையே மென்றார். ஒரு வீட்டில் ஆணிக்குழியைத் தப்பாகப் போட்டார், பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக.

இந்த நேரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. நகரத்தின் மறுகோடியில் பெரிய திரை அரங்கு ஒன்று இருந்தது. ஆறு மாடி உயரத் திரை. பழைய சாகசப் படங்களைத் துடைத்துப் புதிதாக்கி, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அங்கே போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மாதக் கடைசி ஞாயிறு ஏழாம் கணவாய்.

"போறோம்" என்றார் இஞ்சு.

அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "வீட்டுலயே பாத்துக்கலாமே" என்றாள்.

"வீட்டுல எங்க பாக்கற நீ?" வார்த்தை கொஞ்சம் சூடாகவே வந்துவிட்டது. "ஒரே ஒரு தடவை. என் பக்கத்துல உக்காந்து, முழுப் படம். அதுக்கப்புறம் எங்க வேணா உக்காந்துக்க. நான் கேக்க மாட்டேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுக்கப்புறம் என்று எதற்கப்புறத்தைச் சொல்கிறார் என்பது இருவருக்கும் தெரியும். டாக்டர் சொன்ன மூன்று வருடம் முடிய நான்கு மாதம் இருந்தது.

"சரி. போலாம்" என்றாள்.

இஞ்சு சும்மா இருப்பாரா. அதற்கு முந்தின வாரம், வேறு ஏதோ படத்துக்குப் போய், இடைவேளையில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக உட்கார்ந்து எழுந்தார். காவலாளி வந்து என்ன சார் தொலைத்துவிட்டீர்கள் என்று விசாரித்தார். ஒன்றும் தொலைக்கவில்லை என்றார். எட்டாவது வரிசை, நட்டநடு. அங்கே உட்கார்ந்தால் திரையின் ஓரமே தெரியாது. கண் போகிற இடமெல்லாம் படம். அந்த இரண்டு இருக்கைகளையும் பதிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அவருக்குப் பிடித்த நீலப்புடவையைக் கட்டிக்கொண்டாள். அரங்கத்துக்குள் நுழைந்ததும் அவளுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. "படி", "படி", "இன்னொரு படி" என்று சொல்லிக்கொண்டே கையைப் பிடித்து இறக்கினார். நெடுநாளைக்குப் பிறகு அவள் அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். இருட்டுக்குப் பயந்துதான் பிடித்தாள் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

படம் ஆரம்பித்தது. இஞ்சு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடமாகப் பார்த்தது வேறு ஏதோ படம் என்று தோன்றியது. தலைவனின் தாடியில் பனித்துகள் ஒட்டியிருந்தது தெரிந்தது. சந்தைக் காட்சியில் பின்னால் ஒரு பெண் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாள். அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்றே அவருக்குத் தெரியாது. "அங்க பாரு, கோழி" என்று கிசுகிசுத்தார். "ஆமா" என்றாள் அவள். கயிற்றுப் பாலம் ஆடியபோது அவர் இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கழுதை ஒன்று கால் தவறிப் பள்ளத்தில் போயிற்று. அரங்கமே 'அடடா' என்றது.

அடுத்து அந்தக் காட்சி. ஆறு மாடி உயரத்துக்கு வெள்ளை மலை. அடியில் இடது ஓரத்தில் முதல் கழுதை வந்தது. துடைத்துப் புதிதாக்கின பிரதியில் ஒவ்வொரு கழுதையும் தனித்தனியாக, நான்கு காலும் வாலுமாகத் தெரிந்தது. எண்ண ஆரம்பித்தார். விரலை மடக்கி, ஒன்றுகூட விடாமல், உதடு அசைய எண்ணினார். முப்பத்தேழு. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. அதற்குப் பின்னால் வெறும் பனி. கேமரா இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. வேறு எதுவும் வரவில்லை.

அவள் சொன்னதுதான் சரி. இருபத்திரண்டு வருடமாக அவள்தான் சரி. தோற்றுப்போனதில் மனிதருக்கு இப்படி ஒரு பூரிப்பு வருமா என்றால், வந்தது. அவள் இப்போது திரும்பி, புருவத்தைத் தூக்கி, 'என்ன சொல்றீங்க இப்ப' என்று கேட்கப்போகிறாள். ஆயுசுக்கும் சொல்லிக் காட்டப்போகிறாள். அதற்காகவே காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. அவரே அவள் காதருகே குனிந்தார்.

"எண்ணினியா? எத்தனை?"

அவள் திரைப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நாப்பதுதான். நீங்க சொன்னதுதான் சரி."

இஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தார். கிணற்றில் போட்ட கல் மாதிரி அந்தப் பதில் அவருக்குள் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. அவள் பொய் சொல்கிறாள் என்று முதலில் கோபம்கூட வந்தது. பிறகுதான் அவளைப் பார்த்தார். அதுவரை திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அவளைப் பார்க்கவில்லை. திரையில் வலக்கோடியில் தலைவனும் வழிகாட்டியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் முகம் இடது பக்கம் இருந்தது. அங்கே பனியைத் தவிர ஒன்றும் இல்லை. சத்தம் கேட்கிற திக்கில் மெல்லத் தலையைத் திருப்பினாள். அவள் அங்கே போய்ச் சேர்வதற்குள் சண்டை முடிந்து, ஆட்கள் நடுவுக்கு வந்துவிட்டார்கள். அவள் திரும்பத் தேடினாள். பிழை திருத்துகிறவள் வரியில் விட்டுப்போன எழுத்தைத் தேடுவதுபோல, அந்த மலையில் இங்கும் அங்கும் தேடிக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் சொன்னது இப்போதுதான் அவர் காதில் விழுந்தது என்று சொல்ல வேண்டும். ஓரத்திலிருந்து உள்பக்கமாக. அதைக் கேட்டுத்தான் மேஜை முனைக்கு ஸ்பாஞ்ச் ஒட்டினார். கதவில் இடித்துக்கொள்வாள் என்பது புரிந்தது. படத்திலும் இடித்துக்கொள்வாள் என்பது அந்த மண்டைக்கு எட்டவில்லை. சுருங்குகிற அந்தப் பார்வைக்குள் முப்பத்திரண்டு இஞ்சுப் படத்தில் முக்கால்வாசி விழுந்திருக்கும். நாற்பத்து மூன்றில் பாதி. அவர் ஒவ்வொரு டிவியாகப் பெரிதாக்கி, சோபாவையும் கிட்டே இழுத்து, அவள் கையில் மிச்சமிருந்ததையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கியிருக்கிறார். அத்தனையும் செய்துவிட்டு, அவளை இந்த ஊரிலேயே பெரிய திரைக்கு முன்னால், நாடா வைத்து அளந்து, கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறார்.

இடைவேளை வந்தது. விளக்குகள் எரிந்தன. ஜனங்கள் பாப்கார்னுக்கும் கழிவறைக்கும் எழுந்து போனார்கள். அவர்கள் வரிசையில் அந்தக் கோடி வரை எல்லா இருக்கையும் காலி.

"முப்பத்தொன்பது" என்றார் இஞ்சு.

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் எண்ணினேன். நீதான் சரி. முப்பத்தொன்பது."

"அப்படியா" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

"எவ்வளவு தெரிஞ்சது?"

"தெரிஞ்சதுங்க."

"எவ்வளவுன்னு கேக்கறேன்."

அவள் மடியிலிருந்த கையைத் தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து ஒரு வட்டம் காட்டினாள். கையை நீட்டிப் பிடித்துக் காட்டினாள். "இதுக்குள்ள எவ்வளவு விழுமோ அவ்வளவு. ஒரு கழுதையோட காலு தெரிஞ்சது. அது எந்தக் கழுதைன்னு தெரியல."

"ஏன் சொல்லல?" என்றார் இஞ்சு. "இத்தனை வருஷம். எழுபத்தஞ்சு மாட்டும்போதாவது சொல்லியிருக்கலாம்ல. ஊரான் வீட்டுல எல்லாம் உக்காரவச்சு அளக்கறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லத்தான் நினைச்சேன். நீங்க ஏணி மேல நின்னுக்கிட்டு, தலை பூரா சுண்ணாம்புத்தூளு, எப்படி இருக்கு எப்படி இருக்குன்னு கேட்டீங்க. அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படிச் சொல்றது. ஏதோ ஒண்ணு பண்ணிட்டோம்ங்கற நிம்மதியாவது உங்களுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அதான் சமையலறை வாசலா?"

"தூரமாப் போனாப் படம் சின்னதாகும். முழுசா வட்டத்துக்குள்ள விழும். தம்பி போன் இன்னும் வசதி. அவன்கிட்டயும் காரணம் சொல்லல. நீங்க அன்னைக்கு வந்துட்டுப் போனது தெரியும். டிரில் முனை இருந்த இடத்துல இல்ல."

இஞ்சு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுதார். பகல் வெளிச்சம் மாதிரி விளக்கு எரிகிற அரங்கில், ஐம்பத்திரண்டு வயது ஆள், கடைக்குட்டிப் பிள்ளை மாதிரித் தோள் குலுங்க அழுதார். முன் வரிசையில் ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டு நாகரிகமாகக் கைப்பேசியை எடுத்துக்கொண்டார்.

"என்னைப் பிடிக்காமப் போயிடுச்சுன்னு நினைச்சேன்" என்றார், கைகளுக்குள்ளிருந்தே. "சாப்பிடும்போது அந்தக் கோடியில போய் உக்காருவ. பேசினாப் பின்னால போவ. என்னைப் பாக்கவே உனக்கு..."

"ஐயோ, உங்களைப் பாக்கத்தாங்க போனேன்."

அவர் கையை எடுத்தார்.

"பக்கத்துல உக்காந்தா உங்க மூக்கு தெரியும். இல்லாட்டி ஒரு கண்ணு, கொஞ்சம் மீசை" என்றாள். "துண்டு துண்டாத் தெரியற ஆளோட எப்படிங்க பேசறது. தூரமாப் போனா நீங்க முழுசாக் கிடைப்பீங்க. டிவிக்காகப் போனது பாதிதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுற்றிலும் பார்த்தாள், எரிகிற விளக்குகளை, காலி வரிசையை.

"இங்க நல்ல வெளிச்சமா இருக்கு" என்றாள். "கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன். பாத்துக்கறேன்."

இஞ்சு எழுந்து அடுத்த இருக்கைக்குப் போனார். அவள் தலையை ஆட்டினாள். அதற்கடுத்ததுக்குப் போனார்.

"இன்னும்."

மூன்றாவது. நான்காவது. நான்காவதில் உட்கார்ந்து திரும்பினார். போதும் என்பாள் என்று பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் நெற்றியிலிருந்து முழங்கால் வரை கண்ணை இறக்கினாள். வழியில் எங்கோ தடுக்கியது.

"இன்னும் ரெண்டு" என்றாள்.

ஆறாவது இருக்கையில் உட்கார்ந்தார். இத்தனை தூரத்தில் கையை நீட்டினால் எட்டாது. கொஞ்சம் குரலை உயர்த்தினால்தான் கேட்கும்.

"போதும்" என்றாள் அங்கிருந்து. "ஆடாம இருங்க."

அவர் ஆடாமல் இருந்தார். போட்டோ பிடிக்கிறவன் முன்னால் உட்காருவதுபோல முதுகை நிமிர்த்தி, கையை முழங்காலில் வைத்துக்கொண்டார். அவள் பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள்.

"இளைச்சுட்டீங்க" என்றாள்.

"போன வருஷம் எவ்வளவு தூரம் போதுமா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"மூணு இருக்கை தூரம் இருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். போன வருடம் மூன்று. இந்த வருடம் ஆறு. மேற்கொண்டு அந்தக் கணக்கை அவர் போடவில்லை.

ஜனங்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். கையில் பாப்கார்ன் டப்பாவோடு ஒருவர் வரிசைக்குள் நுழைந்து இஞ்சுவின் முன்னால் வந்து நின்றார்.

"சார், இது என் சீட்டு."

"தெரியும் சார்" என்றார் இஞ்சு, முகத்தை அவள் பக்கமிருந்து திருப்பாமலே. "விளக்கு அணையற வரைக்கும். கொஞ்சம் அந்தப் பக்கமா நில்லுங்க, மறைக்குது."

அந்த மனிதர் இவரைப் பார்த்தார், ஆறு இருக்கை தள்ளி இவரையே பார்த்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை என்றாலும் நகர்ந்து நின்றுகொண்டார்.

மணி அடித்தது. பின் வரிசை விளக்குகள் முதலில் அணைந்தன, அப்புறம் நடுவில் இருந்தவை. அவள் முகத்தைத் திருப்பவில்லை. கடைசி விளக்கும் அணைந்தது. இருட்டில் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று இஞ்சுவுக்குத் தெரியும். திரையில் மலை வந்தபோது, அந்த வெள்ளை வெளிச்சத்தில் அவளை அவர் பார்த்தார். அவள் முகம் இன்னும் இந்தப் பக்கமே இருந்தது. எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்காரலாமா, அவள் இன்னும் பார்த்து முடிக்கவில்லையா என்று தெரியாமல், அவர் ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.